மிச்சிகனிடம் தோற்ற பிறகு

கொலம்பஸ், ஒஹாயோ
10 டிசம்பர் 2024

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நம் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேயைப் பதவியிலிருந்து நீக்கியே ஆக வேண்டும் என்று நீ எழுதியிருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. நவம்பர் 30ஆம் தேதி மிச்சிகனிடம் தோற்ற பிறகு இங்கே அலுவலகத்திலும், கடைகளிலும், நம் தமிழ்க் குடும்பங்கள் கூடும் விருந்துகளிலும் வேறு பேச்சே இல்லை. நம்மோடு படித்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் பலர் உன் கட்சிதான். ஆனால் அந்த ஆட்டத்தை மறுபடியும் நிதானமாகப் பார்த்த பிறகு, டேயை நீக்குவதால் தீராத ஒரு நோய் நம் தாக்குதல் அணிக்குள் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுத நினைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்; நேரலை இரண்டாம் பாதியில் அறுந்துபோனதாக எழுதியிருந்தாய். நாட்டின் இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட், அதுவரை ஐந்து ஆட்டங்களில் தோற்றுத் தரவரிசையில் இடமே இல்லாமல் வந்த மிச்சிகனிடம், சொந்த மைதானத்தில், 106,005 பேர் பார்த்துக்கொண்டிருக்க, 13–10 என்று தோற்றது. இடைவேளையில் 10–10 என்று சமமாக இருந்த ஆட்டத்தில், அதன் பிறகு நம்மவர்கள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எதிரணியின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவன்) டேவிஸ் வாரன் ஆட்டம் முழுவதும் பாஸ் மூலம், அதாவது பந்தை வீசி, சேர்த்தது வெறும் 62 யார்டு. பாஸ் வீசவே தெரியாதது போல் ஆடிய ஓர் அணி, கடைசி ஐந்தாறு நிமிடங்களில் ஓட்டக்காரன் கலேல் மல்லிங்ஸ் கையில் பந்தைக் கொடுத்துக் கொடுத்தே முன்னேறி, 45 விநாடி மீதமிருக்கும்போது 21 யார்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து வென்றுவிட்டது. நம் தற்காப்பு அணி எதிரியை மொத்தம் 234 யார்டில் கட்டிப்போட்டது. அதற்கு மேல் அவர்களிடம் எதைக் கேட்பது? பழி முழுவதும் தாக்குதல் அணியைச் சேர்ந்ததுதான்.

உன் மகள் உன்னோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அவ்வளவு உயரமாக, அவ்வளவு வேகமாக ஓடுகிறவர்கள் இரண்டு ஓரத்திலும் நிற்கும்போது, ஏன் திரும்பத் திரும்ப நடுவிலேயே போய் முட்டுகிறார்கள்?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். ஆட்டத்தை முதன்முறையாகப் பார்க்கும் பெண் கேட்ட அந்தக் கேள்விதான், கொலம்பஸில் முப்பது நாற்பது ஆண்டுகளாக ஆட்டம் பார்க்கிறவர்கள் இன்று கேட்கும் கேள்வியும். நான்கு முயற்சிகளில் பத்து யார்டு கடக்க வேண்டும். முதல் முயற்சியை நடுவில் ஓடி இரண்டு யார்டோடு முடித்துக்கொண்டால், மீதி மூன்றும் எதிரி எதிர்பார்த்து நிற்கும் முயற்சிகளாகிவிடுகின்றன என்று அவளுக்குச் சொல். அன்று நடந்தது அதுதான். நம்மவர்கள் 26 முறை ஓடி 77 யார்டு எடுத்தார்கள்; ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூட முழுதாகத் தேறவில்லை. ட்ரெவியன் ஹெண்டர்சன், குவின்ஷான் ஜட்கின்ஸ் என்ற இருவரும் நாட்டின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில் சேர்ந்தவர்கள். அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஓடிய இடத்தில் எதிரியின் நடுத் தடுப்பாளர்களான மேசன் கிரஹமும் கென்னத் கிராண்டும் நின்றார்கள். மிச்சிகன் அணியில் மிச்சம் இருந்த ஒரே பெரிய பலம் அந்த இரண்டு பேர்தான். ஓரத்தில் பாஸ் பிடிப்பவர்களைத் தடுக்கும் அவர்களுடைய தலைசிறந்த கார்னர்பேக் வில் ஜான்சன் காயத்தால் ஆடவேயில்லை. அதாவது, பலவீனமான இடம் வெளியே திறந்து கிடந்தது. நாம் பலமான இடத்தைத் தேடிப்போய் மோதினோம்.

ஜெரமையா ஸ்மித்தை எண்ணிப்பார். கல்லூரிக்கு வந்த முதல் ஆண்டிலேயே, பன்னிரண்டு ஆட்டங்களில் 57 பந்துகளைப் பிடித்து, 934 யார்டும், பந்தை எதிரியின் எல்லைக்குள் சேர்க்கும் டச் டவுன் 10ம் எடுத்த பையன். அவனுக்குப் பக்கத்தில் எமேக்கா எக்புக்கா, கார்னெல் டேட். இந்த மூவரும் இருக்கும் அணி, அந்த நாளில் ஸ்மித்துக்கு 35 யார்டு மட்டுமே கிடைக்கும்படி ஆடியது என்றால், வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தார்கள் என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது? நம் அணியின் ஒரே டச் டவுனை இடைவேளைக்குச் சற்று முன் பிடித்தவனும் அவன்தான்.

எதிரியைத் தடுத்து வழி திறக்கும் முன்வரிசையின் காயங்களைச் சொல்லி, தாக்குதல் அணியை நடத்தும் பயிற்சியாளர் சிப் கெல்லிக்காக ஒரு சாரார் வாதாடுகிறார்கள். காயங்கள் உண்மை. அந்த வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிள் ஜாஷ் சிமன்ஸ் அக்டோபர் 12 அன்று ஆரிகனில் முழங்கால் அடிபட்டுப் பருவம் முழுவதற்கும் விலகினான். அடுத்து நெப்ராஸ்காவை 21–17 என்று தட்டுத் தடுமாறித்தான் வென்றோம். பிறகு அதற்கு உள்பக்கம் நிற்கும் கார்டாக இருந்த டோனவன் ஜாக்சனை அந்த இடத்துக்கு மாற்றினார்கள். அது ஓரளவு நிலைபெற்ற நேரத்தில், இண்டியானா ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் சென்டர் செத் மெக்லாக்லின் குதிகால் நாண் அறுந்து விழுந்தான். சென்டர் என்பவன் பந்தைப் பின்னால் கொடுப்பவன் மட்டுமல்ல. எதிரி எங்கே கூடுகிறான் என்று பார்த்து, யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று வரிசை முழுவதற்கும் சொல்பவன். அவன் இடத்துக்கு கார்சன் ஹின்ஸ்மன் நகர, கார்டு இடத்துக்கு இன்னொரு புதியவன் வந்தான். ஐந்து பேர் கொண்ட வரிசையில் இரண்டு தூண்கள் போயின. இதையெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் கெல்லியைக் காப்பாற்றவில்லை, அவரை இன்னும் ஆழமாகச் சிக்க வைக்கிறது. நடுவரிசை பலவீனமாகிவிட்டது என்று தெரிந்தால், அந்த நடுவரிசையின் மேல் பாரத்தைக் குறைக்க வேண்டும். பந்தை விரைவாக வெளியே வீசி, எதிரியைப் பக்கவாட்டில் இழுத்து, அதன் பிறகு ஓட வேண்டும். அவர்கள் பாரத்தைக் கூட்டினார்கள்.

பென் ஸ்டேட் ஆட்டத்தை நீ உதாரணம் காட்டியிருந்தாய். எதிரியை நம் எல்லைக் கோட்டருகே தடுத்து நிறுத்திய பிறகு, ஐந்து நிமிடத்துக்கு மேல் மீதமிருந்த நேரத்தை ஓடியே கரைத்து, பந்தைத் திருப்பித் தராமல் 20–13 என்று வென்ற அந்த முடிவை நானும் மறக்கவில்லை. இந்தப் பருவத்திலேயே என் மனம் நிறைந்த நிமிடங்கள் அவை. ஆனால் அன்று மெக்லாக்லின் நடுவில் இருந்தான். அந்த வெற்றி தந்த போதையில், அதே ஓட்டத்தை, வேறொரு வரிசையை வைத்துக்கொண்டு, அதைவிடக் கடினமான தடுப்பாளர்களுக்கு எதிரே செய்துவிடலாம் என்று நம்பியதுதான் பிழை என்று நினைக்கிறேன்.

அந்த நம்பிக்கைக்கு வேர் எங்கே இருக்கிறது என்பதில்தான் நாம் இருவரும் பிரிகிறோம். நீ அதைத் திறமையின்மை என்கிறாய். சிப் கெல்லியைத் திறமையற்றவர் என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். ஆரிகனில் அவர் நடத்திய அதிவேகத் தாக்குதலைப் பார்த்து நாட்டின் பாதி அணிகள் தங்கள் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டன. நியூ ஹாம்ஷயரில் குவாட்டர்பேக்காக ஆடிய டேக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. இவ்வளவு தெரிந்த இருவர் சேர்ந்து இவ்வளவு குறுகலாக ஆடியதற்குக் காரணம் 2021. அந்த ஆண்டு தன் ஊரான ஆன் ஆர்பரில் மிச்சிகன் நம் மேல் 297 யார்டு ஓடி 42–27 என்று வென்றது. அன்றிலிருந்து நம் அணி அழகாக ஆடும், ஆனால் உடல் பலத்தில் மென்மையான அணி என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. 2023 செப்டம்பரில் நோட்டர் டேமை 17–14 என்று கடைசி விநாடியில் வென்ற உடனே, மைதானத்தின் நடுவில் நின்று, இதே குற்றச்சாட்டைச் சொன்ன நோட்டர் டேமின் பழைய பயிற்சியாளர் லூ ஹோல்ட்ஸுக்கு டே குரல் நடுங்கப் பதில் சொன்னாரே, அது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பேச்சு அவருக்குள் எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கிறது என்று அன்றே தெரிந்தது. இந்த நவம்பரில் அவர் மிச்சிகனை வெல்ல மட்டும் நினைக்கவில்லை. மிச்சிகனின் வழியிலேயே, அவர்களுடைய மிகப் பெரிய மனிதர்களை நடுவில் தள்ளி வென்று, மூன்று ஆண்டுப் பழியைத் துடைக்க நினைத்தார். எதிரே நின்றதோ 2021இன் அணி அல்ல. இரண்டு டச் டவுன் வித்தியாசத்தை ஈடுகட்டக்கூடிய பாஸ் ஆட்டமே இல்லாத அணி. தொடக்கத்திலேயே ஸ்மித்துக்கும் எக்புக்காவுக்கும் வீசி 14 புள்ளி முன்னால் போயிருந்தால், மல்லிங்ஸ் கையில் பந்தைக் கொடுத்துப் பொழுதைக் கழிக்கும் வசதியே அவர்களுக்கு இருந்திருக்காது.

நம் குவாட்டர்பேக் வில் ஹவர்ட் மீதும் நீ கடுமையாக எழுதியிருக்கிறாய். முதல் பாதியில் அவர் வீசியதை ஆமிர் ஹால் பறித்து நம் இரண்டு யார்டு கோடு வரை கொண்டுவந்து, மிச்சிகனின் ஒரே டச் டவுனுக்கு வழி செய்தான். இரண்டாம் பாதியில் எதிரியின் எல்லைக்கு அருகே மக்காரி பேஜ் இன்னொன்றைப் பறித்தான். இரண்டுக்கும் மன்னிப்பு இல்லை. ஆனால் முதல் இரண்டு முயற்சிகளை வீணாக்கிவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில் பாஸ் வீசச் சொன்னால் எந்தக் குவாட்டர்பேக்கும் நெருக்கடியில்தான் வீசுவான். அதே ஹவர்ட் ஒரு வாரம் முன்னால் இண்டியானாவுக்கு எதிராக எவ்வளவு நிதானமாக ஆடினார் என்று பார்த்தோமே. ஃபீல்டு கோலில் தவறிய இரண்டு உதைகளையும் சொல்லி உதைப்பவனைத் திட்டுகிறார்கள். மூன்று புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் அது வலிக்கத்தான் செய்யும். 20 புள்ளி வித்தியாசத்தில் வெல்வார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்த அணி ஓர் உதையை நம்பி நின்றதே என்பதுதான் எனக்கு வலி. ஆட்டம் முடிந்ததும் மிச்சிகன் ஆட்டக்காரர்கள் தங்கள் கொடியை நம் மைதானத்தின் நடுவில் நடப்போய் வந்த கைகலப்பையும், போலீஸ் மிளகுத் தெளிப்பானைப் பயன்படுத்தியதையும் பற்றி எழுத விருப்பமில்லை.

டேயின் கணக்கு 66 வெற்றி, 10 தோல்வி. அந்தப் பத்தில் நான்கு மிச்சிகனிடம், தொடர்ச்சியாக. இந்த ஊரில் இரண்டாவது கணக்குதான் எடைபோடப்படுகிறது. அதை நான் மறுக்கவில்லை, அந்த எடை நியாயமானதும்கூட. 1934 முதல் மிச்சிகனை வென்ற ஆட்டக்காரர்களுக்குத் தரப்படும் அந்தச் சிறிய தங்கக் கால்சட்டைப் பதக்கத்தை, ஜாக் சாயரும் ஜேடி டுயிமொலோவாவும் எக்புக்காவும் ஹெண்டர்சனும் ஒருமுறைகூட வாங்காமலே கல்லூரியை முடிக்கப் போகிறார்கள். இவர்கள் சென்ற ஆண்டே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். இந்த ஒரு வெற்றிக்காகவும் சாம்பியன் பட்டத்துக்காகவும் தங்கினார்கள். சாயர் இந்தக் கொலம்பஸ் பக்கத்துப் பிள்ளை. எனக்கு டேயின் வேலையைவிட இவர்களை நினைத்துத்தான் மனம் கனக்கிறது. ஆனால் இவர்களுக்கு இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது என்பதால்தான், இப்போது பயிற்சியாளரை மாற்றும் பேச்சு எனக்குப் பொருந்தாததாகப் படுகிறது. தேசியப் பட்டத்துக்காகப் பன்னிரண்டு அணிகள் ஆடும் புதிய பிளேஆஃப் முறை வராதிருந்தால் நம் பருவம் அன்றே முடிந்திருக்கும். நாம் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் இறுதிக்கு நமக்குப் பதிலாகப் பென் ஸ்டேட் போய், ஆரிகனிடம் 45–37 என்று தோற்றுத் திரும்பியது. நமக்கோ பிளேஆஃபில் எட்டாவது இடம் கிடைத்து, டிசம்பர் 21 இரவு டென்னசி இங்கேயே வருகிறது.

டென்னசியின் தற்காப்பு எளிதானதல்ல; ஜேம்ஸ் பியர்ஸ் ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கை நோக்கி வரும் வேகம் ஜாக்சனுக்குப் பெரிய சோதனையாக இருக்கும். அதனால்தான் பந்து நம் கைக்கு வரும் முதல் இரண்டு முறையும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். முதல் முயற்சியிலேயே ஸ்மித்துக்கு ஆழமாக வீசினால், ஓடுவதுபோல் காட்டிவிட்டு எக்புக்காவை நடுவில் திறந்துவிட்டால், ஹெண்டர்சனை நடுவில் முட்டவிடாமல் ஓரத்துக்கு அனுப்பினால், டேயும் கெல்லியும் தங்கள் அணியைத் தங்கள் அணியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள். மறுபடியும் முதல் முயற்சியில் நடு ஓட்டமே வந்தால், நீ சொன்னதை நான் மறுக்கும் காரணம் பாதி போய்விடும். அப்போது உன்னோடு வாதிட மாட்டேன்.

மைதானத்துக்குப் போக நுழைவுச்சீட்டு கிடைத்துவிட்டது. குளிர் கடுமையாக இருக்கும் என்கிறார்கள். நம் பழைய சிவப்புக் கம்பளியை எடுத்து வைத்திருக்கிறேன். ஆட்டம் தொடங்கும்போது உனக்கு ஞாயிறு காலை ஆறரை மணி; மகளையும் எழுப்பி உட்கார வை, அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அன்று மைதானத்திலிருந்தே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆட்டம் முடிந்ததும், அவள் என்ன சொன்னாள் என்பதை முதலில் எழுது. உன் கோபத்தை அதற்கு அடுத்துப் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்