மசாய் மாரா: விளம்பரத்தின் நாள் கணக்கும் காட்டின் நாள் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பயணப் பக்கத்தில் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்புக்காடு பற்றி வந்த கட்டுரையையும், அதன் அடியிலேயே வந்திருந்த ‘3 பகல், 2 இரவு’ சுற்றுலா விளம்பரத்தையும் சேர்த்துப் படித்ததில் எழுதத் தோன்றியது இது. லட்சக்கணக்கில் செலவழித்துப் போகும் பயணம். முன்பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய எதுவும் இரண்டிலும் இல்லை.

முதலில் பெயர் விவகாரத்தை முடித்துவிடலாம். மாரா ஆற்றைக் கூட்டங்கூட்டமாகக் கடப்பவை கட்டுரை சொல்வதுபோல ‘காட்டெருமைகள்’ அல்ல. அவை வில்டபீஸ்ட்; மாட்டு முகமும் ஆட்டுத் தாடியும் குதிரை வாலுமாக இருக்கும் இரலை இனம். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து நிற்கிற காட்டுமாடு வேறு, ஆப்பிரிக்க எருமை வேறு. அந்த எருமையும் மாராவில் தனியாக உண்டு. அதேபோல ‘சிறுத்தை’ என்று கட்டுரையில் படத்தின் கீழே போட்டிருந்தது சிவிங்கிப்புலி. கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கினால் சிவிங்கி. அந்தக் கோடு இல்லாமல் உடம்பெல்லாம் பூப்பூவாக வளையம் இருந்தால் சிறுத்தை. சொல்தானே என்று விட்டுவிட முடியாது, தேடும் இடமே வேறு. சிறுத்தையை ஆற்றோர அத்தி மரக் கிளைகளில் தேட வேண்டும். சிவிங்கி வெட்டவெளிப் புல்லில், கறையான் புற்றின்மேல் ஏறி நின்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி அந்த ‘3 பகல், 2 இரவு’. நைரோபியிலிருந்து காலை 7 மணிக்குக் கிளம்பினால் நரோக் வழியாகக் காப்புக்காட்டின் செக்கனானி வாயிலை அடைய 5 முதல் 6 மணி நேரம். விடுதியில் சாப்பிட்டு, பெட்டியை வைத்துவிட்டுக் காட்டுக்குள் நுழையும்போது மூன்றரை ஆகிவிடும். நுழைவுச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரத்துக்குத்தான். ஆக முதல் நாள் கிடைப்பது இரண்டரை மணி நேரம். மூன்றாம் நாள், காப்புக்காட்டுக்குள்ளேயே தங்கியவர்கள் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். தவறினால் இன்னொரு நாள் கட்டணம். மூன்று பகல் என்று அச்சிட்டதில் முழுப் பகல் ஒன்றே ஒன்று.

கட்டணத்தை நிர்ணயிப்பது நரோக் கவுன்ட்டி நிர்வாகம். 2024இல் அது ஏற்றிய கணக்குப்படி வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு 50 டாலர். வாயிலுக்கு வெளியே தங்கிவிட்டு, வந்திறங்கிய அன்றே மாலையில் உள்ளே போனால் அந்த இரண்டரை மணி நேரத்துக்கும் முழு நாள் கட்டணம்தான். ஜூலையில் அது தலைக்கு 200 டாலர். வெளியே தங்குபவர்கள் முதல் நாள் மாலையை விடுதியிலேயே ஓய்வாகக் கழித்துவிட்டு, மறுநாள் விடியலில் 6 மணிக்கு வாயிலில் நிற்பது நல்லது. மாராவுக்குக் குறைந்தது 3 இரவு, முடிந்தால் 4. ‘கட்டணம் உட்பட’ என்று முகவர் சொன்னால் எத்தனை நாள் சீட்டு உட்பட என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த ஒரு வரியில்தான்.

ஏழு நாளில் அம்போசெலி, நக்குரு, நைவாஷா, மாரா என்று நான்கு இடங்களை அடுக்குகிற பயணத் திட்டங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். நைரோபியில் தொடங்கி நைரோபியில் முடிப்பதற்குள் ஊர்விட்டு ஊர் போவதற்கே 20 மணி நேரத்துக்கு மேல் வண்டியில் கழியும். அம்போசெலியிலிருந்து நக்குரு போகும் நாள் முழுக்கச் சாலைதான். கிளிமஞ்சாரோ பின்னணியில் யானை வேண்டுமென்றால் அம்போசெலி, காண்டாமிருகம் வேண்டுமென்றால் நக்குரு. மாராவோடு ஏதாவது ஒன்றைச் சேர்க்கலாம்.

மாதம் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. கென்யாவில் பெருமழைக் காலமும் அதுதான்: மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை. சில விடுதிகளை அப்போது மூடியே வைத்திருப்பார்கள். ‘கோடை விடுமுறைச் சிறப்புச் சலுகை’ மலிவாக இருப்பதற்குக் காரணம் அந்த மழை. காலாண்டு விடுமுறையில் போனால் வில்டபீஸ்ட் கூட்டம் பொதுவாக மாராவில்தான் இருக்கும். கட்டணமும் சுற்றுலாக் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். யாரும் யோசிக்காத நாள் பொங்கல் விடுமுறை. ஜனவரியில் மழை ஓய்ந்திருக்கும், கட்டணம் பாதி. பெரியவர் இருவர் மூன்று நாள் உள்ளே போக ஆகஸ்டில் 1,200 டாலர், பொங்கலுக்கு 600. வில்டபீஸ்ட் பெருங்கூட்டம் அப்போது தெற்கே தான்சானியாவில் கன்று ஈனப் போயிருக்கும், உண்மைதான். ஆனால் சிங்கமும் சிறுத்தையும் சிவிங்கியும் அதோடு கிளம்பிப் போவதில்லை. அவை மாராவிலேயே குடியிருப்பவை.

ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகவே போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நேர அட்டவணை கிடையாது. கூட்டம் கரைக்கு வரும். முன்னால் நிற்பவை தண்ணீரை முகர்ந்து பார்க்கும். பின்னால் புழுதி எழும்பிக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு ஒரு வரிக்குதிரை மிரண்டதில் மொத்தமும் திரும்பி ஓடிவிடும். பல சமயம் திருப்பி அனுப்புவது நம் வண்டிகளே. விலங்குகள் இறங்கும் தடத்திலும் மறுகரையில் ஏறும் தடத்திலும் போய் மறித்து நின்றால் அவை இறங்காது. கரையிலிருந்து தள்ளி நின்று, முதல் விலங்கு தண்ணீருக்குள் இறங்கிய பிறகு நெருங்குவதுதான் முறை. தங்கும் இடமும் முக்கியம். செக்கனானி வாயிலுக்கு வெளியே தங்கினால் ஆற்றுக்குப் போகவே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆறுதான் குறி என்றால் முசியாரா பக்கமோ, ஆற்றுக்கு மேற்கே உள்ள மாரா முக்கோணத்திலோ தங்க வேண்டும். ‘மாரா அருகில்’ என்று மட்டும் விளம்பரத்தில் இருந்தால் எந்த வாயில், வாயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள்.

தங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது மஞ்சள் காமாலை ஊசி அல்ல; ‘ஏற்கெனவே போட்டாச்சு’ என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா இதைக் கேட்பதில்லை. கேட்பது நம் நாடு, திரும்பி வரும்போது. சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே கூட்டிப்போய் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். மும்பை வழியாக வந்தால் மும்பையிலேயே. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும்; அதன்பின் ஆயுள் முழுக்கப் போதும். கென்யாவிலிருந்து கிளம்பும் நாளுக்கு 10 நாள் முன்பு என்று கணக்குப் போட்டு நெருக்கிப் போடாதீர்கள். பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே போட்டுவிடுவது நல்லது.

தனியார் மருத்துவமனை எல்லாவற்றிலும் போடமாட்டார்கள். தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுகம் ஆகிய இடங்களில் போடுகிறார்கள். குப்பியைத் திறந்து மருந்தைக் கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் ஆள் சேர்த்து, குறிப்பிட்ட கிழமைகளில், முன்பதிவின் பேரில்தான் நடக்கும். அசல் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். பழையதையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், முதல் முறையாகப் போட்டுக்கொள்ளும் 60 வயதைத் தாண்டியவர்கள் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது அவசியம். தாத்தா பாட்டியோடு குடும்பமாகப் போகும் திட்டங்கள் கடைசி வாரத்தில் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

விசா என்பது இப்போது இல்லை. 2024 ஜனவரி முதல் இணைய வழி முன் அனுமதி. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய. கென்ய அரசின் தளத்தில் மட்டுமே விண்ணப்பியுங்கள்.

வண்டிக்கு வருவோம். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை: காய்ந்தால் கல், நனைந்தால் களி. ஒரு மழை பெய்தாலே இரண்டு சக்கர இழுவை உள்ள வேன் அச்சுவரை புதைந்துவிடும், பிறகு அரை நாள் போச்சு. மேற்கூரை உயரும் நான்கு சக்கர இழுவை லேண்ட் க்ரூஸர்தான் அங்கே சரி. ஒரு வண்டியில் 6 பேர், ஆளுக்கொரு ஜன்னல். ‘7, 8 பேர் தாராளமாக உட்காரலாம்’ என்பார்கள். உட்காரலாம்தான், ஆனால் சிங்கம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் சஃபாரி.

பார்க்கும் ஒழுங்கு எளிது: ஒரு விலங்கைச் சுற்றி 5 வண்டிகள், மற்றவர்கள் காத்திருந்தால் 10 நிமிடம், 25 மீட்டர் இடைவெளி, தடத்தை விட்டு இறங்கக் கூடாது. ‘கொஞ்சம் பக்கத்துல போப்பா’ என்று ஓட்டுநரை நச்சரிப்பதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். மீறினால் அபராதமும் அவருடைய பிழைப்பும் சேர்ந்து போகும். சிவிங்கியிடம் இதைவிடப் பெரிய நஷ்டம் உண்டு. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து பகலில் வேட்டையாடும் விலங்கு அது. வண்டிகள் சூழ்ந்தால் வேட்டை கெடும், குட்டிகள் பிரியும். மாராவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதியில் ஒரு தாய் சராசரியாக வளர்த்து ஆளாக்கிய குட்டிகள் 0.2, வண்டிகள் குறைந்த பகுதியில் 2.3. கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் காப்புக்காட்டை ஒட்டியுள்ள நபோய்ஷோ, ஓலாரே மொட்டொரோகி, மாரா நார்த் போன்ற மசாய் மக்களின் சமூகக் காப்பகங்கள் இருக்கின்றன. அங்கே வண்டிகளுக்கு அளவு உண்டு, இரவில் வண்டி உலா உண்டு, வழிகாட்டியோடு நடைப்பயணமும் உண்டு. விலை கூடுதல். ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது அங்கே தங்கலாம் என்பது என் கட்சி.

சாமான்கள். நைரோபியின் வில்சன் நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போனால் கைப்பை உட்பட 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி விமானத்தின் வயிற்றில் நுழையாது. பன்னாட்டு விமானம் இறங்குவது வேறு நிலையம், இடையே நைரோபியின் நெரிசல். நடுவில் 4 மணி நேரமாவது விடுங்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகஸ்ட் விடியலில், கூரை திறந்த வண்டியில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. கருநீலமும் கறுப்பும் கடிக்கும் செட்சி ஈயை இழுக்கும். ராணுவப் பச்சைப் புள்ளி உடை அங்கே சட்ட விரோதம். 2017 முதல் பிளாஸ்டிக் கேரி பைக்கும், 2020 முதல் காடுகளுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் தடை. முறுக்கு, தட்டையை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். ப்ளக் சதுர மூன்று முனை, நம்முடையது நுழையாது. 400 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ட்ரைபாடை வீட்டிலேயே விட்டுவிட்டு ஒரு காலித் துணிப்பையைக் கொண்டுபோய், நைரோபியில் அரிசியோ பயறோ வாங்கி நிரப்பி, கூரை விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தலாம். படம் எடுக்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆளுக்கொரு 8x42 தொலைநோக்கி இருக்கட்டும். ஒன்றே ஒன்றை ஆறு பேர் கைமாற்றிக்கொள்வதற்குள் சிறுத்தை மரத்திலிருந்து இறங்கிவிடும்.

மலேரியா மாத்திரையை மருத்துவர் சொல்படி எடுங்கள். அட்டோவாக்குவோன்–புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பிய பின் 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பின் 4 வாரம். ‘ஊருக்குத்தான் வந்தாச்சே’ என்று பாதியில் நிறுத்துவதுதான் பெரும் தவறு. வந்து சில வாரம், ஏன் சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் சொல்லும் முதல் வார்த்தை ‘கென்யா போய் வந்தேன்’ என்பதாக இருக்கட்டும். இல்லையென்றால் டெங்கு, டைபாய்டு என்று சோதித்துக்கொண்டிருப்பதிலேயே இரண்டு நாள் போய்விடும். அங்கே வரும் ஃபால்சிபாரம் மலேரியா அந்த இரண்டு நாளைத் தராது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.