பதினெட்டாம் லூயி தங்கிய வீடு

அன்புள்ள தோழிக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூட்டு வலிக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா என்று கேட்டால் கோபித்துக்கொள்வாய், ஆகவே கேட்கவில்லை.

சென்ற வாரம் என் மகள் என்னை இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் பகுதியில் உள்ள ஹார்ட்வெல் ஹவுஸ் என்ற மாளிகை விடுதிக்கு அழைத்துச் சென்றாள். அய்ல்ஸ்பரியிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு செல்லும் சாலையில், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, ஏறக்குறைய 90 ஏக்கர் பூங்காவின் நடுவே நிற்கிறது. பழைய வீடு ஒன்றில் தங்கப் போகிறோம் என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. வந்து சேர்ந்து, அவ்வீட்டின் வரலாற்றைப் படித்தபோதுதான் 1809 முதல் 1814 வரை பிரான்சின் பதினெட்டாம் லூயி நாடிழந்து வாழ்ந்த வீடு அது என்று தெரிந்தது. அன்றிரவே உனக்கு எழுத உட்கார்ந்திருப்பேன், மகள் விடவில்லை.

நமக்கு வரலாறு நடத்திய வாட்டர்லூ சார் நினைவுக்கு வருகிறாரா? பிரெஞ்சுப் புரட்சியில் பதினாறாம் லூயியைத் தலைவெட்டும் கில்லட்டின் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டவர், பதினெட்டாம் லூயியை ஒரே வாக்கியத்தில் அரியணையில் ஏற்றி, அடுத்த வாக்கியத்தில் இறக்கிவிட்டார். "நடுவில் பதினேழாமவர் எங்கே போனார் சார்?" என்று நீ எழுந்து கேட்டாய். அந்த மணிநேரத்தின் மிச்சத்தை நாம் எங்கே கழித்தோம் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அந்தப் பதினேழாமவர் பதினாறாம் லூயியின் மகன், சிறையிலேயே 1795இல் இறந்துபோன சிறுவன். அவனுடைய அக்காள் மரீ தெரேஸ் இந்த ஹார்ட்வெல் வீட்டில்தான் வாழ்ந்திருக்கிறாள். தந்தை, தாய், அத்தை மூவரையும் கில்லட்டினுக்குக் கொடுத்து, தம்பியையும் இழந்து, தன் பதினேழாம் பிறந்தநாளை ஒட்டிச் சிறையிலிருந்து வெளியே வந்தவள். சித்தப்பனாகிய பதினெட்டாம் லூயியோடு நாடு நாடாக அலைந்து, இங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயது. இதைப் படித்த பிறகு அந்த வீட்டின் படிகளில் முன்போல் என்னால் ஏற முடியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட நீ என் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

லூயியின் அலைச்சலையும் சொல்கிறேன், கேள். 1791இல் பாரிஸைவிட்டுத் தப்பியவர் கோப்ளென்ஸ், வெரோனா, பிளாங்கன்பர்க், இன்றைய லாட்வியாவில் உள்ள மிட்டாவ், வார்சா என்று ஊர் ஊராகப் போனார். நெப்போலியனின் கை நீள நீள, இடம் கொடுத்தவர்களெல்லாம் தயங்கத் தொடங்கினார்கள். 1807இல் இங்கிலாந்துக்கு வந்து எசெக்ஸில் கோஸ்ஃபீல்ட் ஹால் என்ற வீட்டில் சில காலம் இருந்துவிட்டு, லீ குடும்பத்தாருக்குச் சொந்தமான ஹார்ட்வெல்லை வாடகைக்கு எடுத்தார். அரசர் என்ற பட்டத்தை இங்கிலாந்து அப்போது ஏற்கவில்லை. ஆகவே லீல் பிரபு என்ற பெயரில் இருந்தார்.

அவரோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்து குடியேறினார்கள். பெரிய அறைகளைத் தடுப்புகள் வைத்துச் சிறு சிறு அறைகளாகப் பிரித்தார்கள். பிரபுக்களும் பாதிரிமார்களும் பணியாட்களும் மாடி அறைகளிலும் வெளிக்கட்டடங்களிலும் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். கூரையின்மேல் தொட்டிகளில் காய்கறி பயிரிட்டு, கோழிகளும் வளர்த்திருக்கிறார்கள். வெர்சாய் அரண்மனையில் வாழ்ந்து பழகிய கூட்டம் ஓர் ஆங்கிலக் கிராமத்து வீட்டின் கூரைமேல் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியதை எண்ணிப் பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் திரும்புவோம் என்ற உறுதி சிறிதும் இல்லாமலே அவர்கள் அன்றாட வாழ்க்கையை ஒழுங்காக நடத்திக்கொண்டு போன விதத்தில் ஒரு பெரும் தைரியத்தைக் காண்கிறேன்.

லூயியின் மனைவி, அரசி மரீ ஜோசஃபீன், ஊர் திரும்பும் நாளைக் காணவில்லை. 1810 நவம்பரில் இந்த வீட்டிலேயே இறந்தாள். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. மறு ஆண்டு உடலைச் சார்டீனியாவின் காலியாரி நகருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பிரான்சின் அரசி என்ற பெயர் இருந்தும், பிரான்சில் ஒரு நாளும் அரசியாக வாழாதவள் அவள்.

1814இல் நெப்போலியன் வீழ்ந்த செய்தி ஹார்ட்வெல்லுக்கு வந்தது. அரியணையை ஏற்கும் ஆவணத்தில் லூயி கையெழுத்திட்டது இங்குள்ள நூலக அறையில்தான். நூல் அலமாரிகளின் கதவுகளில் கண்ணாடிக்குப் பதிலாகப் பொன் முலாம் பூசிய பித்தளைக் கம்பி வலை பின்னியிருக்கிறது. அந்த அறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து நானும் மகளும் தேநீர் அருந்தினோம். எங்களை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.

இங்கேதான் உன்னோடு வழக்குக்கு வருகிறேன். பழைய மாளிகையை விடுதியாக மாற்றுவது அதைக் கொல்வதற்குச் சமம், அருங்காட்சியகமாக்குவதே மரியாதை என்று போன கடிதத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். எந்த வழக்கிலும் நீ இப்படித்தான் தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டுச் சாட்சியை அப்புறம் தேடுவாய். இப்போது சாட்சியை நான் தருகிறேன்.

இத்தகைய வீடுகள் தாமாக நின்றவை அல்ல. நிலத்தின் வருவாயில் வாழ்ந்தவை அவை. 1870களில் அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் கப்பல் கப்பலாக வந்து குவிந்ததும் அந்த வருவாய் சரிந்தது. 1894இல் இறந்தவரின் சொத்துமீது அரசாங்கம் புதிய வரியை விதித்து, பின்னர் அதை ஏற்றிக்கொண்டே போனது. முதல் உலகப் போரில் தந்தையும் மகனும் அடுத்தடுத்து மடிந்த குடும்பங்கள் அந்த வரியை இருமுறை கட்ட வேண்டி வந்தது. இரண்டாம் உலகப் போரில் பல வீடுகளை இராணுவம் எடுத்துக்கொண்டது. திரும்பக் கிடைத்தபோது பழுதுபார்க்க உரிமையாளர்களிடம் பணம் இல்லை. கூரையின் ஈயத்தை விற்றுவிட்டுச் சுவர்களை இடித்துத் தள்ளினார்கள். 1974இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அழிந்த மாளிகைகளுக்காகவே ஒரு கண்காட்சி நடத்தியபோது, இழந்தவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆயிரம் வீடுகள், தோழி. அவற்றில் எத்தனை மரீ தெரேஸ்கள் வாழ்ந்தார்களோ.

நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1895இல் தொடங்கி இன்று நிறைய மாளிகைகளைக் காத்து வருகிறது என்பது உண்மைதான். ஆனால் எல்லா வீட்டையும் அது ஏற்க முடியாது. பராமரிப்புக்கு நிலையான வருவாய் வேண்டும். அப்படி விடுபட்ட வீடுகளுக்குப் பிழைப்பு எங்கே? இங்கிலாந்தின் வடமேற்கே அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் ஷாரோ பே என்ற வீட்டை 1948இல் விடுதியாகத் திறந்து, இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று காட்டினார்கள்.

ஹார்ட்வெல்லின் கதையில் ஒன்று என்னை மிகவும் ஈர்த்தது. லீ குடும்பத்திடமிருந்து 1938இல் இதை வாங்கியவர் எர்னஸ்ட் குக். உலகத்தையே சுற்றுலா அழைத்துச் சென்ற தாமஸ் குக்கின் பேரன் அவர். குடும்பத் தொழிலில் தமக்குக் கிடைத்த பணத்தை இத்தகைய வீடுகளையும் நிலங்களையும் காப்பாற்றவே செலவிட்டார். அதன் பிறகு போர்க்காலத்தில் படைவீரர்கள் இங்கே தங்கினார்கள். பின்னர் இளம்பெண்களுக்கான கல்வி நிறுவனம் ஒன்று பல ஆண்டுகள் நடந்தது. 1980களில் பெரும் பழுதுபார்ப்பு செய்து 1989இல் விடுதியாகத் திறந்தார்கள். 2008இல் விடுதியை நடத்தியவர்களே வீட்டின் குத்தகை உரிமையையும் தொழிலையும் நேஷனல் டிரஸ்டுக்கு நன்கொடையாக அளித்துவிட்டார்கள். ஆகவே நீ கேட்கும் பாதுகாப்பும் இருக்கிறது. அதைத் தாங்கும் வருவாயை விருந்தினர்கள் தருகிறார்கள். 2013இல் ஜி7 நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடிப் பேசியதும் இதே கூரையின் கீழ்தான்.

இந்த வீட்டின் இயல்பே வந்தவர்களை ஏற்றுக்கொள்வதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. லூயி போன பிறகு ஜான் லீ என்ற அறிஞர் இதற்கு உரிமையாளரானார். வானியலில் பெரும் ஈடுபாடு கொண்டு இங்கேயே நோக்ககம் அமைத்தவர். 1850 ஏப்ரலில் அதே நூலகத்தில் சிலர் கூடி வானிலை ஆய்வுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றைய ராயல் வானிலையியல் சங்கம் அதுதான். ஓர் அரசர் நாட்டைத் திரும்பப் பெற்ற அறையில், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து மழையையும் காற்றையும் அளக்கும் முறையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்த அறையைக் கயிறு கட்டித் தடுத்து, ஓர் ஆண்டை மட்டும் அட்டையில் எழுதி வைத்தால், எந்த ஆண்டை எழுதுவாய்?

உன் வாதத்தில் ஒன்றை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. அருங்காட்சியகத்துக்கு நுழைவுச் சீட்டு வாங்கி யாரும் போகலாம். விடுதிக்கோ அதன் கட்டணத்தைத் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே போக முடியும். என் மகள் சம்பாதிக்கவில்லை என்றால் நானும் வாசலோடு நின்றிருப்பேன். நம்மைப்போல் வரலாறு படித்து, பாடப்புத்தகத்துக்கு வெளியே எதையும் பார்க்க வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு அந்த நூலகம் எப்படித் திறக்கும் என்று இரவு முழுவதும் யோசித்தேன். ஆண்டில் சில நாட்களாவது பள்ளி மாணவர்களுக்கு இத்தகைய விடுதிகள் கதவைத் திறக்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் நீயும் என் பக்கம் நிற்பாய்.

விடுதியில் நாட்கள் எப்படிப் போயின என்று கேட்பாய். பூங்காவில் நடந்தோம். ஏரியின்மேல் ஒரு கல் பாலம் இருக்கிறது. லண்டனில் தேம்ஸ் நதியின்மேல் நின்ற பழைய கியூ பாலத்தை இடித்தபோது அதன் நடு வளைவைக் கொண்டுவந்து இங்கே கட்டினார்களாம். இரவு வேளையில் மரத்தளம் கிறீச்சிடும். நாம் படித்த காலத்து மாணவியர் விடுதி வார்டன் சாவிக்கொத்தோடு வருகிறாள் என்றே முதலில் நினைத்தேன்.

லூயி 1814 ஏப்ரலில் டோவரிலிருந்து கப்பலேறினார். அடுத்த ஆண்டே நெப்போலியன் திரும்பி வந்ததால் மீண்டும் ஓட வேண்டியதாயிற்று. வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்ற பிறகு திரும்பி வந்து 1824 வரை ஆண்டார். அரியணையில் இருந்தபடியே இறந்த கடைசி பிரெஞ்சு மன்னர் அவர்தான். ஒரு வாக்கியத்துக்குள் அடங்காத மனிதர் என்று சாரிடம் இப்போது சொல்லலாம்.

இதே நன்கொடையில் நேஷனல் டிரஸ்டுக்குச் சேர்ந்த வேறு இரண்டு வீடுகள் இருக்கின்றன: யார்க்கில் மிடில்தோர்ப் ஹால், வேல்ஸின் வடபகுதியில் போடிஸ்கல்லன் ஹால். அடுத்த கோடையில் இரண்டில் ஒன்றுக்கு நீ என்னோடு வருகிறாய். விசா எடுக்கவே மாதக்கணக்காகும். ஆகவே எந்த வீடு, எந்த மாதம் என்பதைப் பதில் கடிதத்தில் எழுது. எதிர்வாதம் ஏதேனும் இருந்தால் அதையும் இந்த முறை சாட்சியோடு எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி