ஏரியைச் சுற்றிவிட்டு இறங்கிவிடாதே

அன்புள்ள தேன்மொழிக்கு,

அரைப் பரீட்சை லீவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் வரலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வா. ஆனால் ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டி, தூண் பாறையில் போட்டோ எடுத்து, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடாதே. அங்கிருந்து இன்னும் உள்ளே போகணும். அப்பாவும் நானும் போன மாதம் பூம்பாறையில் தங்கிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு அந்த ஊர் நினைப்பாகவே இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர்தான். ஒரு வளைவில் பஸ் திரும்பியதும் கீழே மொத்த ஊரும் தெரியும், சுற்றிலும் படிக்கட்டு மாதிரி வெட்டிய நிலம், கேரட், உருளை, பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே பூண்டு. நாங்கள் போனது பூண்டு பிடுங்கும் நேரம். தாளோடு பிடுங்கி, மண்ணை உதறி, அந்தத் தாளையே முறுக்கிக் கட்டு கட்டுகிறார்கள், பார்க்காமலே கை ஓடுகிறது அந்தப் பெண்களுக்கு. அப்புறம் அதைப் புகையில் தொங்கவிட்டு வைத்தால் மாசக்கணக்கில் கெடாதாம். பல் சின்னது, உரித்தால் காரம் கண்ணில் ஏறும். 2019ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்கே தெரிந்திருக்கும். நம் வீட்டு ரசத்தில் விழுகிற பூண்டு வடுகபட்டி சந்தைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை பேர் குனிந்து நிமிர்ந்திருக்கிறார்கள் என்று உன் பிள்ளை ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும், இதற்காகத்தான் உன்னை வரச் சொல்கிறேன்.

பூம்பாறையிலேயே இருக்கிற குழந்தை வேலப்பர் என்கிற முருகன் கோயிலுக்கும் போய் வாருங்கள். மூலவர் போகர் சித்தர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்த நவபாஷாணச் சிலை என்று ஊரில் சொல்கிறார்கள்.

மன்னவனூர் அங்கிருந்து இன்னும் உள்ளே. புல்வெளி நடுவில் ஏரி, வனத்துறை பரிசல் விடுகிறது. பக்கத்திலேயே மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை, பாரத் மெரினோ என்று ரோமத்துக்காக வளர்க்கிற செம்மறி. பிள்ளைக்கு அது போதும், நகரமாட்டான். நேரம் இருந்தால் கூக்கால் ஏரி வரை போங்கள், அங்கே கூட்டமே கிடையாது.

காரில் வந்தால் மலை ஏறுவதற்கு ஆன்லைனில் இ-பாஸ் எடுத்துவிடு, 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், தடை இருக்கிறது. சாயங்காலமானால் குளிர் எலும்பைத் தொடும், அவனுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் மறக்காதே. தேதி முடிவானதும் போன் பண்ணு. நாங்கள் தங்கின வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கணும், லீவு நாளில் கடைசி நேரத்தில் கேட்டால் இடம் கிடைக்காது.

அம்மா