ட்ரம்பின் கையெழுத்தும் முகமாலைக் கட்டைகளும்

அன்புள்ள தம்பிக்கு,

"வெளிநாட்டுக் காசு நிண்டது நல்லது, இனியாவது எங்கட காலில நிப்பம்" என்று நீர் எழுதினதை வாசித்தேன். அந்தக் காசில் நடந்த கருத்தரங்குகளைப் பற்றிக் கதைத்தால் உம்மோடு அரைவாசி ஒத்துப்போவேன். அந்தக் காசில் கொழுத்தது ஹோட்டல்காரர்தான். ஆனால் 2025 ஜனவரி 20இல் ட்ரம்ப் வைத்த கையெழுத்து வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தியபோது, இலங்கையில் மிதிவெடி அகற்றும் வேலையும் அதற்குள் அகப்பட்டது. எல்லாரும் யூ.எஸ்.எய்ட், யூ.எஸ்.எய்ட் என்று அமெரிக்க உதவி முகவரகத்தையே சொன்னார்கள். மிதிவெடிக்கான காசு அங்கிருந்து வந்ததல்ல. அது அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் வேறு பை. அந்தப் பையையும் சேர்த்துத்தான் கட்டினார்கள்.

வேலை நின்றால் என்ன ஆகும் என்பது ஒரு லேனை, அதாவது ஒருவர் மிதிவெடி தேடிக்கொண்டு முன்னேறும் ஒடுங்கிய பாதையை, பார்த்தால் விளங்கும். அகலம் ஒரு மீற்றர். முதலில் பற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுக்க வேண்டும். பிறகு உலோகம் இருந்தால் கத்தும் டிடெக்ரர். வடக்கில் முகமாலை போல வருடக்கணக்காகச் சண்டை நடந்த முன்னரங்கில் அது ஓயாமல் கத்தும். மண் முழுக்கச் சன்னக் கோதும் ஷெல் துண்டும். தேடுகிற பி-4 மிதிவெடியோ பிளாஸ்ரிக். உள்ளங்கைக்குள் அடங்கும், மருந்து சுமார் 30 கிராம், உலோகம் மிகச் சொற்பம். கத்த வேண்டியதற்குக் கத்தாமல் கோதுக்குக் கத்துகிற கருவியை வைத்து என்ன செய்வது?

அதனால் வாரி. பாரமான முள்ளுவாரியால் மண்ணை இளக்கி, மெல்லிய வாரியால் தன் பக்கம் இழுப்பார்கள். மிதிவெடி தலையில் அமுக்கினால் வெடிப்பது. பக்கத்தால் மண் உதிர்ந்து வெளிப்பட்டால் சும்மா கிடக்கும். எனவே முன்னால் ஒரு சிறு பள்ளம் வைத்து, அதன் சுவரைச் சுரண்டிச் சுரண்டிப் போவதுதான் முறை. மணலில் இது சுகம். காய்ந்த களிமண்ணில் வாரி துள்ளும், துள்ளினால் முள்ளு போய் வெடியின் தலையில் விழும். அதற்காகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். பனை வேர் குறுக்கிட்டால் அன்றைய கணக்கு அவ்வளவுதான். வெயிலில் முகக்கவசமும் உடற்கவசமும் போட்டுக்கொண்டு ஒருவர் இப்படிச் சுரண்டி முடித்த பிறகுதான், தேடி முடித்த எல்லையைக் காட்டும் சிவப்புக் கட்டை முன்னால் நகரும்.

இப்போது வேலையை நிறுத்தும். கட்டை நின்ற இடத்தில் நிற்கும். புல் வளரும், மாடு உரசிச் சாய்க்கும், விறகுக்கு வந்தவர் பிடுங்கிக்கொண்டு போவார். திரும்பத் தொடங்கும்போது கடைசி எல்லையை நம்ப முடியாது. பின்னால் வந்து, செய்த இடத்தையே மறுபடி செய்ய வேண்டும். பழகின கைகளும் காத்திருக்காது. இந்த வேலையில் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் நிறையப் பேர். மூன்று மாதம் சம்பளமில்லாமல் யார் இருப்பார்? புதிய ஆளை எடுத்தால் முதலிலிருந்து பயிற்சி. மிச்சம் பிடித்தோம் என்கிறவர்களின் கணக்கில் இதெல்லாம் ஏறாது.

இன்னொரு செய்தியை நீர் கவனித்திருக்கமாட்டீர். மிதிவெடித் தடை ஒப்பந்தம் 1997 டிசம்பரில் நீர் இருக்கிற கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் கையெழுத்தானது. இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. எங்கள் நிலத்தைத் துப்புரவாக்கக் கெடு 2028 ஜூன் 1. 2025இல் போலந்து, பின்லாந்து, எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஐந்தும் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. ரஷ்யாவை நினைத்துப் பயம். பயம் பொய்யென்று சொல்லமாட்டேன், பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். ஆனால் எங்கள் சண்டை 2009 மே மாதம் முடிந்தது, கட்டைகள் இன்னும் நிற்கின்றன. புதைக்கிறவர்கள் இங்கே வந்து ஒருநாள் வாரி பிடித்துப் பார்க்கட்டும்.

சரி, உமது காணி விசயம். ஆடி விடுமுறையில் வந்து ஜே.சி.பி. போட்டுத் துப்புரவாக்கப் போவதாகச் சொன்னீராம். முதலில் கிராம சேவகரிடம் காணி இலக்கத்தைக் கொடுத்து, அது மிதிவெடி அகற்றிக் கையளித்த பகுதிக்குள் வருகிறதா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் வாங்கும். "பக்கத்து வளவில ஆக்கள் இருக்கினம்தானே" என்பது அத்தாட்சி ஆகாது. எல்லை ஒரு வேலியோடு முடிந்திருக்கலாம். பழைய பங்கர், மண் அணை தெரிந்தால் அதையும் சொல்லும். பற்றைக்கு நெருப்பு வைக்க வேண்டாம், கிடந்தது வெடிக்கும். ஏதும் கண்ணில் பட்டால் தொடாமல், கல் எறியாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து 119க்கு அடியும். நீதிமன்ற அனுமதி எடுத்துத்தான் செயலிழக்கச் செய்வார்கள், ஓரிரு நாள் போகலாம். அதுவரை ஆரும் கிட்டப் போகாமல் தூரத்தில் ஒரு துணி கட்டிவிட்டால் காணும்.

பிரதேச செயலகத்தின் கடிதம் கைக்கு வரும்வரை ஜே.சி.பி.காரனுக்கு முற்பணம் அனுப்பிப்போடாதையும்.

அன்புடன்,
அண்ணன்