குமரி மாவட்டக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளுக்கு: லேசர் இருக்கட்டும், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்து முதுகலை புராஜெக்டுகளில் நானோ துகளுக்குப் பஞ்சமே இல்லை. இலைச்சாறு விட்டு ஜிங்க் ஆக்ஸைடு. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட் கிடப்பதால் டைட்டானியம் டை ஆக்ஸைடும் உண்டு. எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) எடுத்து, கோட்டின் அகலத்திலிருந்து அளவு காணும் ஷெரர் சூத்திரத்தில் ஓர் எண்ணைப் போட்டு முடித்துவிடுகிறோம். அது படிகத் துணுக்கின் சராசரி அளவு. துகள் உருண்டையா, ஊசியா, நாலைந்து ஒட்டிய கட்டியா என்று அது சொல்லாது.

அதைத் தனித்தனியாகக் காட்டக்கூடியது எக்ஸ் கதிர் லேசர். துடிப்பு சில பத்து ஃபெம்டோநொடிதான் (ஒரு ஃபெம்டோநொடி என்பது பிக்கோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துகள் சிதறுவதற்குள் கதிர் படத்தோடு வெளியேறிவிடும். 2006இல் ஹாம்பர்க்கின் ஃப்ளாஷ் லேசரில், 25 ஃபெம்டோநொடித் துடிப்பால் இது மெய்ப்பிக்கப்பட்டது. இந்தூரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்த் துடிப்புகள் பிக்கோநொடிக் கணக்கில் நீள்பவை; இந்த வேலைக்கு உதவாது. எனவே வெளிநாட்டு லேசருக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும். ஆனால் அதற்கு முன்பே, நம் ஆய்வுக்கூடத்துக் குடுவையில் காரியம் கெட்டுவிடுகிறது.

துகள் கலந்த நீரைச் சுமார் 1 மைக்ரான் துளிகளாகத் தெளிப்பார்கள். நீர் ஆவியானதும், அதில் கரைந்திருந்தது எல்லாம் துகளின் மேல் படியும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீரென்றால், ஒரு துளியில் மிஞ்சும் உப்பைத் திரட்டினால் 60 நானோமீட்டர் உருண்டை! நீங்கள் பார்க்க வந்த துகளே 50 நானோமீட்டர்தான். 20 மில்லிகிராமுக்கு இறங்கிய ஆர்ஓ நீரிலும் 20 நானோமீட்டர் மிஞ்சும், கன மூலம் அவ்வளவு மெதுவாகத்தான் குறையும். இலைச்சாற்றின் சர்க்கரையும் பாலிஃபீனாலும் அப்படியே ஒட்டும். ஆகவே 18.2 மெகாஓம்-செமீ மின்தடை எண் கொண்ட மிகத் தூய நீர், குறைந்தது மூன்று முறை சென்ட்ரிஃபியூஜ் கழுவல். தெளிப்பதற்கு நீரில் மின்கடத்துதிறன் வேண்டுமென்றால் சோடியம் குளோரைடு வேண்டாம், ஆவியாகும் அம்மோனியம் அசிடேட் போதும். ஜிங்க் ஆக்ஸைடுக்கு அதுவும் ஆகாது, கரைக்கத் தொடங்கிவிடும்.

ஒளிச்சிதறலால் துகள் அளவு காணும் டிஎல்எஸ் அளவீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சிறு துகளின் ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுவதால், இரண்டு மூன்று கட்டிகளே மொத்த அளவையும் ஆட்டிவைக்கும். டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படமும் சேர்த்துக் கேளுங்கள்.

மணல் மணியை அப்படியே வைத்துப் பார்க்கலாமே என்ற யோசனையும் கைகூடாது. கதிர் ஆற்றல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட், டிடெக்டரில் 200 மைக்ரான் பிக்சல், மாதிரியிலிருந்து டிடெக்டருக்கு 5 மீட்டர் தூரம் என்றால், மாதிரி ஏறத்தாழ 1.9 மைக்ரானைத் தாண்டக்கூடாது. தாண்டினால் விளிம்பு விளைவுப் புள்ளிகள் பிக்சலுக்குள் குழம்பி, கட்டத்தை (டிடெக்டர் பதியாத அலைக்கட்டம், phase; உருவத்தைக் கணக்கிட அது வேண்டும்) மீட்கவே முடியாது.

கணக்கீட்டுப் பயிற்சிக்கு லேசர் நேரம் தேவையில்லை. எக்ஸ் கதிர்ப் படத் தரவுகளைச் சேமிக்கும் சிஎக்ஸ்ஐடிபி தரவு வங்கியில் மிமிவைரஸ் என்ற பெரிய வைரஸின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரண கணினி போதும். மாணவர் வெவ்வேறு தற்செயல் கட்டங்களில் தொடங்கி ஐம்பது முறையாவது மீட்டெடுக்கட்டும். விடைகள் ஒத்துப்போகாத நுணுக்கத்தை உருவமென்று எழுத விடாதீர்கள். சிதறாமல் நேரே வரும் கற்றை வெளியேற டிடெக்டரில் விட்ட ஓட்டையால் மையத்துத் தரவு காணாமல் போகும் என்பதையும், அதனால் மொத்த அடர்த்தி தடுமாறும் என்பதையும் வைவாவில் கேளுங்கள்.

இந்தக் கல்வியாண்டிலேயே, நீரின் கடத்துதிறன், கழுவிய எண்ணிக்கை, டிஇஎம் படம் ஆகிய மூன்றும் இல்லாத நானோ புராஜெக்டுக்குக் கையெழுத்திட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாதிரித் தயாரிப்பிலும் தரவுப் பகுப்பாய்விலும் இருப்போர், நாகர்கோவில்