நூலகர்களையும் அறிமுகப்படுத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்திய நூலகத் துறையின் முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன் நினைவாக ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் படத்துக்கு மாலை போடுவதோடு சரி, இன்று வேலையில் இருக்கும் நூலகர்களை யாரும் கண்டுகொள்வதில்லை.

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் பல வருடங்களாக இருக்கும் அக்காவை, முத்திரை குத்திப் புத்தகம் கொடுப்பவர் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். அவருக்குப் பறவைகள் என்றால் உயிர். காலையில் ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் நூலகத்தைத் திறக்கிறார். நத்தைகுத்தி நாரை எந்தத் தேதியில் வந்தது, கூழைக்கடா எத்தனை என்று ஒரு நீள நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். கேட்டால்தான் காட்டுவார். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள்கூட அவரிடம் பறவைப் பெயர்களைக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

அப்புறம், கிழிந்த புத்தகங்களை அவரே தைக்கிறார். மைதாப் பசை காய்ச்சி, முதுகில் காடாத் துணி ஒட்டி, மேலே செங்கல் வைத்துவிடுவார். மறுநாள் அது அலமாரியில் இருக்கும். இந்தப் பொறுமைக்குச் சம்பளத்தில் கணக்கில்லை.

1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நடக்கும் இடத்தில் நமக்காக உட்கார்ந்திருப்பவர் யார், அவருக்கு எதில் ஆர்வம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? வாரம் ஒரு நூலகரைப் பற்றி அரைப் பத்தியாவது உங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும். சின்ன ஊர்களிலிருந்து தொடங்கினால் நல்லது.

- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்