ராசாவை அனுப்புறது சரி, அதோட சேந்து என்ன போகுது எண்டும் பாருங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கட பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தவர், அவுஸ்திரேலியாவுக்கு இன்னும் லண்டன்ல இருக்கிற ஒரு ராசா எதுக்கு, குடியரசாகிறதுக்கு அடுத்த றெபரண்டம் எண்ட பொதுசன வாக்கெடுப்பு வந்தால் எங்கட தமிழ்ச் சனம் கண்ணை மூடிக்கொண்டு யெஸ் போடவேணும் எண்டு. யெஸ் போடுறதில எனக்குப் பிரச்சினை இல்லை, 1999 இல நடந்த குடியரசு வாக்கெடுப்பிலயும் யெஸ்தான் போட்டனான், இனி வந்தாலும் அநேகமா அதுதான். ஆனா கண்ணை மூடிக்கொண்டு போடுற வேலைக்கு நான் வரமாட்டன். இலங்கையில ஒருக்கா மகாராணியை வழியனுப்பி வச்ச கதையைப் பாத்த தலைமுறை நாங்கள். அந்தக் கதை இஞ்ச பிறந்த பிள்ளையளுக்குத் தெரியாது, தெரிஞ்ச ஆக்களும் இப்ப கதைக்கினமில்லை.

1972 மே 22, கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில வச்சு இலங்கை குடியரசு ஆனது. நான் அப்ப பள்ளிக்கூடப் பெடியன். முதல் நாள் வரைக்கும் மகாராணியின்ர ஆளா, மகாதேசாதிபதியா இருந்த வில்லியம் கொபல்லாவதான் அண்டைக்கு முதலாவது ஜனாதிபதி. அதே மனுசன், அதே வீடு, குயின்ஸ் ஹவுஸ் எண்டிருந்த பேர் மட்டும் ஜனாதிபதி மாளிகை எண்டு மாறினது. பாத்தால் ஒண்டும் பெரிசா நடக்காத மாதிரித்தான் இருந்தது. ஆனா சிம்மாசனத்தைத் தூக்கிக்கொண்டு போகேக்க அதுக்குக் கீழ கிடந்த சாமான் சிலதையும் சேத்துத் தூக்கிப்போட்டினம். சுதந்திரத்தோட வந்த பழைய சோல்பரி அரசியல் யாப்பில 29ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருந்தது, ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாவும் சட்டம் போடேலாது, மற்றவைக்கு இல்லாத சலுகை குடுத்தும் போடேலாது எண்டு. அது புது யாப்பில இல்லை. எங்களுக்குக் கடைசி மேல் நீதிமன்றமா இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்கு அப்பீல் போற வழியை அதுக்கு முதல் வருசமே அடைச்சாச்சு. அரச மொழி சிங்களம் மட்டும் எண்டது அதுவரைக்கும் 1956 இல போட்ட ஒரு சாதாரண சட்டம், பேந்து அது யாப்புக்குள்ளயே ஏறி இருந்திட்டுது, பௌத்தத்துக்கு முதன்மையான இடம் எண்டதும் அதோடதான் ஏறினது.

இதில கோடீஸ்வரன் வழக்கு எண்டு ஒண்டு இருக்கு, இளம் ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சிருக்கவேணும். சிங்களச் சோதினை எடுக்காததால சம்பள உயர்வை நிப்பாட்டின ஒரு தமிழ் அரசாங்க கிளாக்கர் கோட்டுக்குப் போனவர். கீழ்க் கோட்டில வெண்டார், மேல் கோட்டில தோத்தார், பிரிவிக் கவுன்சில் மட்டும் போய் 1969 இல திருப்பி ஒரு வழி கிடைச்சுது, சிங்களம் மட்டும் சட்டம் 29ஆம் பிரிவுக்கு ஒத்துவருதோ எண்டதை இலங்கை உயர் நீதிமன்றம் இருந்து பாக்கட்டும் எண்டு திருப்பி அனுப்பினவை. அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வரவேயில்லை. அதுக்குள்ள பிரிவும் போச்சு, பிரிவிக் கவுன்சிலும் போச்சு.

இதையெல்லாம் எழுதின யாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் ஆரெண்டு பாத்தால் கொல்வின் ஆர் டி சில்வா, 1956 இல பாராளுமன்றத்தில ரெண்டு மொழி எண்டால் ஒரு நாடு, ஒரு மொழி எண்டால் ரெண்டு நாடு எண்டு சொன்ன அதே இடதுசாரி. சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்ல. பொதுசனத்திட்ட வாக்கெடுப்பு எண்டு ஒண்டும் வைக்கேல்ல, 1970 எலக்சன்லயே ஆணை கேட்டாச்சு எண்டு சிறிமாவோ அரசாங்கம் சொன்னது. தமிழரசுக் கட்சி கேட்ட திருத்தம் ஒண்டையும் எடுக்கேல்ல எண்டு அவை 1971 இலயே யாப்பு எழுதின சபையை விட்டு வெளிக்கிட்டவை. கட்சித் தலைவர் செல்வநாயகம் ஐயா 72 ஒக்ரோபர்ல சீற்றை ராஜினாமாச் செய்து, இந்த யாப்பைத் தமிழ்ச் சனம் ஏற்குதோ இல்லையோ எண்டு காங்கேசன்துறையில இடைத்தேர்தல் வச்சுப் பாருங்கோ எண்டார், அந்தத் தேர்தலை 75 பெப்ரவரி வரைக்கும் இழுத்தடிச்சினம், அதில ஐயா நல்லா வெண்டார் எண்டது வேற கதை. இன்னொண்டு, 75 இல முடியவேண்டிய பாராளுமன்றத்தைப் புது யாப்பைச் சாட்டி 77 வரைக்கும் நீட்டிக்கொண்டதும் இதே அரசாங்கந்தான்.

இதைச் சொன்னவுடன எங்கட சனத்தில கொஞ்சப்பேர், பாத்தியளோ, ராணி இருக்குமட்டும் எங்களுக்குப் பாதுகாப்பு, ஆனபடியால் இஞ்சயும் ராசா இருக்கட்டும் எண்டு தொடங்குவினம். அதுவும் பிழை. மலையக ஆக்களின்ர பிரசாவுரிமையைப் பறிச்சது 1948 இல, ஆறாம் ஜோர்ஜ் மன்னர் இருக்கேக்க. 1953 இல பிரிவிக் கவுன்சிலே அந்தச் சட்டம் சரி எண்டுதான் சொன்னது, அப்பவும் 29ஆம் பிரிவு இருந்ததுதானே. 56 சிங்களம் மட்டும் சட்டமும் தமிழருக்கு எதிரான 58 கலவரமும் மகாராணியின்ர காலம். 58 இல அவசரகாலச் சட்டம் போட்டு அடக்கினது மகாதேசாதிபதி ஒலிவர் குணதிலக்க எண்டு ஒரு ஐயா எப்பவும் எனக்குச் சொல்லுவார், அடக்கினவர்தான், கொஞ்ச நாள் எரிஞ்சாப்பிறகு. எங்களுக்குக் கொஞ்சமெண்டாலும் பிடிமானம் தந்தது முடி இல்லை, எழுதிக் கிடந்த ஒரு பிரிவும் அதை வச்சு வழக்குப் போட ஒரு நீதிமன்றமும்தான். இந்தியாவும் 1950 ஜனவரி 26 வரைக்கும் ராசாவுக்குக் கீழதான் இருந்தது, கடைசி மகாதேசாதிபதி ராஜாஜி. அவை மூண்டு வருசத்துக்குக் கிட்ட இருந்து யாப்பு எழுதி, அடிப்படை உரிமையளையும் அதுக்குள்ள வச்சுப்போட்டுத்தான் ராசாவை அனுப்பினவை. பேந்து அங்க நடந்த கூத்துகள் வேற, ஆனா வழக்குப் போட ஒரு இடம் இருந்தது.

இப்ப அவுஸ்திரேலியாவுக்கு வருவம். இஞ்ச உரிமைச் சாசனம் எண்டு மத்திய யாப்பில ஒண்டும் இல்லை, எத்தினை பேருக்குத் தெரியுமோ தெரியாது. இருக்கிற பெரிய ஓட்டை இன்னொண்டு, அது 1975 நவம்பர் 11 இல எல்லாரும் கண்ணால பாத்தது. தேர்தல்ல வெண்டு வந்த பிரதமர் கஃப் விட்லம், மகாராணியின்ர ஆளா (மகாதேசாதிபதி மாதிரி) இருந்த கவர்னர் ஜெனரல் ஜோன் கேரின்ர வீட்டுக்குப் போறார், கேர் ஒரு கடிதத்தைக் குடுத்து உம்மை நீக்கியாச்சு எண்டுறார், அதே வீட்டில வேறொரு அறைக்குள்ள எதிர்க்கட்சித் தலைவர் மல்கம் பிரேசர் காத்துக்கொண்டிருக்கிறார். சபாநாயகர் மகாராணிக்கு எழுதினால், அது கவர்னர் ஜெனரலின்ர அதிகாரம், நாங்கள் தலையிடேலாது எண்டு மாளிகையில இருந்து பதில் வருது. கேருக்கும் மாளிகைக்கும் இடையில போய்வந்த கடிதங்களைப் பாக்க ஒரு வரலாற்றுப் பேராசிரியை கோட்டுப் படி ஏறி, 2020 இலதான் அதுகள் வெளியில வந்தது. பிரதமரை ஆர் எப்ப நீக்கலாம் எண்டு இண்டைக்கும் ஒழுங்கா எழுதி இல்லை, எல்லாம் வழக்கம், மரபு எண்டு சொல்லினம்.

1999 நவம்பர் 6 வாக்கெடுப்பு தோத்ததுக்கு ராசபக்தி காரணமில்லை. பாராளுமன்றத்தில மூண்டில ரெண்டு பேர் சேந்து ஜனாதிபதியைத் தெரிவு செய்யிற மாதிரித்தான் திட்டம் போட்டவை, சனம் தான் நேர வாக்குப் போடவேணும் எண்டு நினைச்சுது. அதை விட மோசமான ஒரு வரி உள்ளுக்க இருந்தது, பிரதமர் ஒரு கையெழுத்து வச்சால் ஜனாதிபதி அந்த நிமிசமே வீட்டுக்கு, பேந்து 30 நாளுக்குள்ள கீழ்ச்சபையில கேட்டு, சபை பிழை எண்டு சொன்னாலும் போனவர் திரும்பி வரேலாது. ஆரை ஆர் முந்தி நீக்கிறது எண்டு ஓட்டப்பந்தயம் வைக்கிற மாதிரி ஒரு யாப்பு! நான் அதையும் சகிச்சு யெஸ் போட்டனான், 54.87 வீதம் ஆக்கள் நோ போட்டவை, ஒரு மாநிலம் கூட யெஸ் சொல்லேல்ல. அப்ப பிரதமரா இருந்த ஜோன் ஹவார்ட் ராசா பக்கம், அதுவும் உதவி செய்தது எண்டு வையுங்கோ.

பேந்து ஒண்டும் அசையேல்ல. அல்பனீசி அரசாங்கம் 2022 இல குடியரசுக்கெண்டே ஒரு துணை அமைச்சர் வச்சுது, 2023 இல பூர்வீகக் குடிமக்களுக்கு ஒரு ஆலோசனைக் குழு கேட்ட வொய்ஸ் வாக்கெடுப்பு தோக்க, 2024 இல அந்தப் பதவியே இல்லாமல் போச்சு. 5 டொலர் தாளில ராசாவின்ர படம் வராது எண்டு ரிசர்வ் பாங்க் சொல்லிப்போட்டுது, அதோட திருப்திப்பட்டு இருக்கவேண்டியதுதான் போல.

என்ர நிலைப்பாடு இதுதான். கேள்வியைச் சின்னனாக் கேட்டாத்தான் இந்த நாட்டில வெல்லலாம், யாப்பை மாத்துவமோ எண்டு 45 தரம் கேட்டு 8 தரம்தான் சனம் ஓம் எண்டது, கடைசியா 1977. ஆனபடியால் உரிமைச் சாசனத்தையும் இதோட கட்டிவிடச் சொல்லி நான் கேக்கேல்ல, அதுக்குத் தனியா அடிபடவேணும். ஆனா பிரதமரை எப்ப நீக்கலாம், பட்ஜெட் பாஸாகாட்டி என்ன, ஜனாதிபதியை ஆர் நீக்கிறது எண்ட மூண்டையும் வரி வரியா எழுதிக் காட்டாமல் ஆரும் யெஸ் கேட்டு என்ர வீட்டுக் கதவைத் தட்டவேண்டாம். அந்தத் திருத்தத்தின்ர முழு வாசகமும் வாக்கெடுப்புக்கு முந்தி வெளியில வரும், அப்ப உங்கட பேப்பர் அதைத் தமிழில முழுசாப் போட்டால் பெரிய புண்ணியம், கட்சிக்காரரின்ர நோட்டீசை மட்டும் போடாதேங்கோ.

ராசாவின்ர பிறந்தநாள் எண்டு விடுற ஜூன் மாச லோங் வீக்கெண்ட் போயிடுமோ எண்டு எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்ட ரெண்டு பேருக்கும், ராசா சாள்ஸ் பிறந்தது நவம்பர் 14, ஜூன் லீவுக்கும் அவர் பிறந்த நாளுக்கும் இப்பவே ஒரு சம்பந்தமும் இல்லை, பயப்பிடாதேங்கோ.

இப்படிக்கு,
ஒரு வாசகன், சிட்னி